இன்னும் கொஞ்சம் நீலம்

மார்ச் 3

மேடை முடிந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த தச்சர்கள் ரம்பங்களையும் பீடிக்கட்டுகளையும் வாரிக்கொண்டு மதியம் கிளம்பினார்கள். வீட்டின் பின்பக்கம் பள்ளத்தாக்கை நோக்கி ஒரு மரத்தரை நீட்டிக்கொண்டு நிற்கிறது. மருமகள் ஷர்மிளா அதை ‘டெக்’ என்கிறாள். டெக் கப்பலுக்கு இருக்கும். கோத்தகிரியில் கடல் இல்லை என்பதை அவளுக்கு யாராவது எடுத்துச் சொன்னால் நல்லது. பெங்களூரில் இருந்துகொண்டு, எப்போதாவது வந்து காப்பி குடிப்பதற்காக, என் வீட்டுக்கு ஒரு ரயில்வே பிளாட்பாரம் கட்டிக் கொடுத்திருக்கிறாள்.

மரம் செம்பழுப்பு. அதன் பக்கத்தில் வீட்டின் பழைய ரோஸ் சுவர், பல்வலிக்காரன் கன்னம் மாதிரி தெரிகிறது. வெளிச்சுவர் முழுக்கப் புதிதாகப் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும்.

மாலையில் மகன் ரூபன் போனில் பேசினான். ஜனவரியில் சமையலறைப் படியில் நான் சறுக்கியதை அவன் இன்னும் மறக்கவில்லை. அந்தப் படியைக் கட்டிய கொத்தனாருக்கு அளவு தெரியாது. நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து படி அப்படித்தான் இருக்கிறது, ஜனவரியில்தான் கவனித்தேன்.

“அம்மா, தனியா எவ்வளவு நாள் இருப்பீங்க? இங்க வந்துடுங்க. உங்களுக்கு ரூம் ரெடியா இருக்கு.”

“அந்த ரூம் ஜன்னல்ல என்ன தெரியும்?”

“எதிர் ஃப்ளாட் தெரியும்.”

“எதிர் ஃப்ளாட்காரி காயப்போட்ட துணி தெரியும். நான் வரல.”

பிறகு ஒப்பந்தம் பேசுகிறவன் குரலில் சொன்னான்: “சரி. பெயிண்ட் வேலைய நீங்களே ஆள் வச்சு, நின்னு, முடிங்க. எந்தக் குழப்பமும் இல்லாம முடிச்சிட்டீங்கன்னா அடுத்த கிறிஸ்மஸ் வரைக்கும் இந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன். ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா மே மாசம் நீங்க இங்க. வீட்டை வாடகைக்கு விட்டுடலாம்.”

நான் பெற்ற பிள்ளை எனக்குப் பரீட்சை வைக்கிறான். பள்ளியில் கணக்குக்கு அழுதவன்.

சரி என்றேன்.

மார்ச் 5

ஷர்மிளா போனில் நிறங்களை அனுப்பியிருக்கிறாள். டெக்குக்குப் பொருந்துமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். காளான், ஓட்ஸ் கஞ்சி, பாதாம், சேஜ் இலை. மனிதர்கள் சமைக்க வேண்டியதை ஏன் சுவரில் பூச வேண்டும்? தவிர, எல்லாமே எனக்கு ஒரே மாதிரி பழைய தேநீர்க் கறையாகத்தான் தெரிகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதற்கெல்லாம் தனித்தனிப் பெயர் வைத்துக் காசு வாங்குகிறார்கள்.

‘பார்த்தேன். நன்றி’ என்று பதில் எழுதினேன். மரியாதைக்குக் குறைச்சல் வைக்கக் கூடாது.

கேஸ் சிலிண்டர் வந்தது. கொண்டுவந்தவன் செருப்போடு உள்ளே வரப் பார்த்தான்.

மார்ச் 6

வெள்ளை.

முடிவு செய்துவிட்டேன். சிவப்பு மரத்துக்குப் பக்கத்தில் நிற்கக்கூடிய மரியாதையான நிறம் அது ஒன்றுதான். மற்ற நிறங்கள் எல்லாம் பார்க்கிறவனிடம் ‘நான் அழகாயிருக்கிறேனா?’ என்று கேட்கும். வெள்ளை கேட்காது. கான்வென்டில் மதர் இக்னேஷியாவின் அங்கியைப் பார்த்தவளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளை சும்மா வந்ததல்ல. சலவையறையில் கடைசித் தண்ணீரில் நீலம் விடுவார்கள். எத்தனை சொட்டு என்பதில் அவர்களுக்குத் தவறே வராது. சுண்ணாம்பு அடிக்கிறவனும் அந்தக் காலத்தில் வாளியில் நீலம் கரைத்துத்தான் அடிப்பான். நீலம் விடாத வெள்ளை, நாளாவட்டத்தில் பல்லின் நிறத்துக்கு வந்துவிடும்.

ரூபனுக்குச் சொன்னேன். “வெள்ளையா? சிம்பிளா இருக்கும், நல்லதும்மா” என்றான். சிம்பிளாம்.

மார்ச் 9

பெயிண்டர் வந்தார். குப்புராஜ் என்று பெயர், மேட்டுப்பாளையத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும், வாய் ஓயாது. வந்த உடனே வீட்டைச் சுற்றி நடந்து, மேடையைத் தட்டிப் பார்த்து, “நம்ம டெக்குக்கு ஆரஞ்சு போட்டா அம்சமா இருக்குமுங்க. இப்ப குன்னூர்ல எல்லாம் ஆரஞ்சுதானுங்க” என்றார்.

“குன்னூர்ல இருக்கறவங்க எல்லாரும் கிணத்துல குதிச்சா?”

“அங்க கிணறு கம்மிங்கம்மா.”

இவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். ஆனால் ஏணி பழுதில்லாமல் இருக்கிறது, தூரிகைகளைக் கழுவி வைத்திருக்கிறார். வேலையை ஒப்படைத்தேன்.

மார்ச் 10

சுவரைச் சுரண்டுகிறார்கள். வீடு முழுக்கத் தூசி. இன்றைய பேப்பரை மறுபடி மட்டமான மையில் அச்சடித்திருக்கிறார்கள். தலைப்பைத் தவிர ஒன்றும் படிக்க முடியவில்லை. ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும்.

மார்ச் 13

முன்சுவரில் ஒரு சதுரம் அடித்துக் காட்டச் சொன்னேன். காய்ந்த பிறகு போய்ப் பார்த்தேன். மஞ்சள்.

“இது என்ன, வெள்ளையா?”

“வெள்ளைதானுங்கம்மா. டப்பாவுலயே எழுதியிருக்குதுங்க.”

“டப்பால என்ன வேணும்னாலும் எழுதுவான். இது மஞ்சளா இருக்கு. பழைய தந்தம் மாதிரி.”

“ஏனுங்கம்மா, பாலாட்டம் இருக்குதுங்களே. என்ர கண்ணுக்கு…”

“உங்க கண்ணைப் பத்தி நான் கேக்கல. என் வீட்டுல என் கண்ணுக்கு வெள்ளையா இருக்கணும். வேலை வேணுமா, வேண்டாமா? வேண்டாம்னா சொல்லுங்க, நாளைக்கே வேற ஆள் வருவான்.”

சத்தம் கொஞ்சம் அதிகம்தான். பக்கத்துத் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆனால் இந்த மாதிரி ஆட்களை முதல் வாரத்திலேயே வழிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். குப்புராஜ் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “சொல்லுங்கம்மா, என்ன பண்ணோணும்?” என்றார்.

“நீலம் விடுங்க.”

மார்ச் 14

ஸ்டெயினர் என்கிற நீலச் சாய டியூப் வாங்கிவந்து வாளியில் பிதுக்கிக் கலக்கினார். அடித்தார். இன்னும் மஞ்சள். இன்னும் கொஞ்சம் என்றேன். கலக்கினார். அடித்தார். இன்னும் கொஞ்சம் என்றேன்.

மதியம் யோகராணி துணி உலர்த்த வந்தவள் கூடையோடு சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பதினைந்து வருடமாக என் வீட்டில் வேலை செய்கிறாள், இன்னும் நின்று வேடிக்கை பார்க்கும் பழக்கம் போகவில்லை.

“அம்மா, நீலம் கொஞ்சம் கூடிப்போன மாதிரி…”

“யோகா, வெள்ளைன்னா என்னன்னு கன்னியாஸ்திரீங்க எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நீ எனக்குச் சொல்லித் தரப் போறியா?”

“இல்லீங்கம்மா.”

“துணியைக் காயப்போடு.”

மார்ச் 15

கிடைத்துவிட்டது. இன்று காலை போட்ட சதுரம், அதுதான் நான் கேட்ட வெள்ளை. குளிர்ந்த, நிழல் தொட்ட வெள்ளை. சாயங்காலப் பிரார்த்தனைக்கு வரிசையாகப் போகும் கன்னியாஸ்திரீகளின் முக்காடு மாதிரி. குப்புராஜைக் கூப்பிட்டு, “பாத்தீங்களா? இதுதான் வெள்ளை” என்றேன்.

“ஆமாங்கம்மா” என்றார்.

“இப்ப வித்தியாசம் தெரியுதா?”

“நல்லாவே தெரியுதுங்கம்மா.”

படிந்துவிட்டார். இதே கலவையில் மொத்த வீட்டுக்கும் கலக்கச் சொன்னேன்.

மார்ச் 18

ட்ரூடி போன் செய்தாள். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட இருப்பவள், கோத்தகிரியில் எனக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. இப்போது மகளோடு தூத்துக்குடியில் இருக்கிறாள். ஜனவரியில் கண்ணில் புரை எடுத்துக்கொண்டதிலிருந்து அவளுக்கு வேறு பேச்சில்லை. மருமகன் மூக்கில் உள்ள மரு முதல்கொண்டு எல்லாவற்றையும் வர்ணிக்கிறாள்.

“நீயும் ஒரு தடவை காட்டேன், ஹில்டா. கோயில்ல நீ பாட்டுப் புஸ்தகத்தைத் தலைகீழா வச்சிருந்தே.”

“எனக்குப் பாட்டெல்லாம் மனப்பாடம். புஸ்தகம் எப்படி இருந்தா என்ன?”

“சரிதான். பெரிய மகாராணி.”

கெர்ட்ரூட் என்ற நல்ல பெயரைக் குறுக்கி இத்தனை வருடம் ட்ரூடி என்று கூப்பிட விட்டவள். அவளிடம் எதை எதிர்பார்ப்பது?

மார்ச் 20

மூடுபனி விடுவதாக இல்லை. மார்ச் மாதத்தில் இப்படி நான் பார்த்ததே இல்லை. குப்புராஜின் ஆட்கள் வெயில் தாங்கவில்லை என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மோர் கேட்கிறார்கள். சோம்பேறிகளுக்குப் பனியும் வெயில்தான்.

மார்ச் 24

எலுமிச்சை ஊறுகாய் போட்டேன். யோகராணி காரம் தூக்கல் என்கிறாள். மிளகாய்த்தூள் டப்பாவையும் மஞ்சள்தூள் டப்பாவையும் இடம் மாற்றி வைத்தவள் அவள்தான்.

மார்ச் 28

வேலை முடிந்தது. மேடைக்கு வார்னிஷ் அடித்து, கைப்பிடிக் கம்பிகளைத் துடைத்து, சாரத்தை அவிழ்த்துக்கொண்டு போனார்கள். குப்புராஜ் கூலியை எண்ணிப் பார்க்காமலே பையில் வைத்துக்கொண்டார். வாசல்வரை போய்த் திரும்பி வந்து, “அம்மா, உங்களுக்குத் திருப்தியா இருக்குதுங்களா?” என்றார்.

“ரொம்ப.”

“அப்ப எனக்கும் திருப்திதானுங்க” என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போய்விட்டார்.

முன்கேட்டில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். சிவப்பு மரமும் வெள்ளைச் சுவரும். எந்தக் கல்லூரியிலும் படிக்காமல், எந்தப் போனையும் பார்க்காமல் செய்த வேலை. ஷர்மிளா வந்து கற்றுக்கொள்ளட்டும்.

ரூபனிடம் முடிந்துவிட்டது என்று சொன்னேன். “குழப்பம் ஒண்ணும் இல்லையே?” என்றான். “என்ன குழப்பம் இருக்கும்?” என்றேன். ஈஸ்டருக்கு இருவரும் வருகிறார்களாம்.

மார்ச் 31

வீட்டைப் பார்க்க ஆட்கள் நிற்கிறார்கள். நேற்று ஒரு கார் நின்றது, உள்ளிருந்து ஒரு பெண் போனை நீட்டிப் படம் எடுத்தாள். இன்று போதகர் வந்தார். சின்ன வயசு, புது ஆள், என் எதிரில் எப்போதும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்பார்.

“வீடு ரொம்ப… தூரத்துல வரும்போதே தெரியுதும்மா.”

“தெரியணும்னுதான்.”

“ஆமாம்மா. அந்த வளைவுலேருந்தே தெரியுது.”

பாராட்டத் தெரியாதவர். ஆனால் முயன்றார்.

ஏப்ரல் 2

குருத்தோலை ஞாயிறு. கோயில் வாசலில் பழக்காரி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள், எங்கள் சாலையில் எவனோ வீட்டுக்கு அப்பட்டமான நீலத்தை அடித்துவைத்திருக்கிறானாம், பார்த்தால் கண் கூசுகிறதாம். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டுக் கொய்யாவை அடுக்கினாள்.

நான் அந்த வீட்டை இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அடித்தவன் எப்படிப்பட்டவன் என்று சொல்லிவிடுவேன். துபாயில் சம்பாதித்தவன். வாசலில் சிங்கம் வைப்பான். இந்தச் சாலை ஒருகாலத்தில் எப்படி இருந்தது.

ஏப்ரல் 4

மார்க்கெட்டுக்குப் போனேன். ஈஸ்டருக்கு வேண்டியதெல்லாம் வாங்கியாயிற்று. திரும்பும்போது ஸ்டாண்டில் புது டாக்சிக்காரன். சாலைப் பெயரைச் சொன்னேன்.

“அந்த நீல வீட்டுப் பக்கமாம்மா?”

“எனக்குத் தெரியாது. நான் அதைப் பாத்ததில்ல. நம்ம வீடு வெள்ளை வீடு. தேயிலைக் கிடங்கைத் தாண்டி மூணாவது.”

“கிடங்கத் தாண்டி மூணாவது நீல வீடுதானே.”

இவனுக்கு எண்ணத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வண்டி வளைவைத் தாண்டியது. “வழியில அந்த நீல வீட்டைக் காட்டு, பாப்போம்” என்றேன். அவன் ஓட்டிக்கொண்டு வந்து என் கேட்டின் முன்னால் நிறுத்தினான்.

“இதுதாம்மா” என்றான்.

நான் இறங்கினேன்.

ஏப்ரல் 4, மறுபடியும்

படுக்கையறையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். யோகராணி இன்று காலைதான் துவைத்து உலர்த்தியது. சுவரில் வைத்துப் பிடித்தேன். நல்ல வெளிச்சம்.

சுவர் வெள்ளையாக இருந்தது. உறை மஞ்சளாக இருந்தது.

உறை வெள்ளை. கடையில் நானே பார்த்து வாங்கியது. துவைப்பதில் யோகராணியைக் குறை சொல்ல முடியாது.

உறையை மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

ஏப்ரல் 5

குப்புராஜைப் போனில் பிடித்தேன்.

“ஏன் சொல்லல?”

எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. அதுவே போதுமானதாக இருந்தது.

“சொன்னனுங்களேம்மா. மொதல் நாளே சொன்னனுங்க. வேற ஆளப் போட்டுருவேன்னீங்க. அப்புறம் ஒருவேளை உங்களுக்கு இதான் புடிச்சிருக்குதாட்டம் இருக்குதுன்னு விட்டுட்டனுங்க. பெரிய எடத்துல என்னத்தப் பேசறது?”

“எவ்வளவு நீலம்?”

“எப்புடீங்க சொல்றது? பிளாஸ்டிக் கொடம் இருக்குதுங்களே…”

“போதும்.”

“நாளைக்கு ஆள் கூட்டிட்டு வந்து வெள்ள அடிச்சுப்போடட்டுங்களா? காசு அப்புறம் பாத்துக்கலாங்க.”

நாளை மாலை ரூபன் வருகிறான். பாதி நீலமும் பாதி வெள்ளையுமாக வீடு நிற்கும்போது வந்து இறங்குவான். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு இருப்பது இரண்டே வழி. நான் கேட்டது வெள்ளை, எப்படி இப்படி ஆனது என்று எனக்குத் தெரியவில்லை என்று சொல்லலாம். அப்போது ரூபன் என் முகத்தைப் பார்ப்பான், பிறகு சமையலறைப் படியைப் பார்ப்பான், மே மாதம் நான் எதிர் ஃப்ளாட்காரியின் துணிகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அல்லது, வேண்டுமென்றேதான் இப்படி அடித்தேன், எனக்குப் பிடித்த நிறம் இதுதான் என்று சொல்லலாம். அதாவது ஹில்டா அருமைநாயகத்தின் ரசனை பிளாஸ்டிக் குடம் என்று ஊரும் குடும்பமும் தெரிந்துகொள்ளும்.

இந்த ஊரில் எவர் வீட்டுத் திரைச்சீலையையும் நான் சும்மா விட்டதில்லை. ட்ரூடியின் சோபா உறையைப் பற்றி நான் சொன்னதை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. எல்லாரும் இத்தனை வருடமாக இந்த நாளுக்காகத்தான் காத்திருந்திருப்பார்கள்.

ஏப்ரல் 6, காலை

யோகராணி வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

“யோகா, இந்த நீலத்தைப் பத்தி நீ என்ன நினைக்கிறே?”

வாளியைக் கீழே வைத்துவிட்டு, “அம்மா! நீங்க தெரிஞ்சுதான் அடிச்சீங்களா? நான் வேற என்னென்னவோ நெனச்சு மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திட்டு வந்தேன்” என்றாள்.

“தெரியாம யாராவது வீட்டுக்குக் கலர் அடிப்பாங்களா? சொல்லு. பாத்தா எது மாதிரி இருக்கு?”

“மழை விட்ட அப்புறம் மானம் இருக்குமில்ல, அதவிடக் கொஞ்சம் அழுத்தமா. மயில் கழுத்தவிடக் கொஞ்சம் வெளுப்பா. வெயில் பட்டா பளபளன்னு இருக்கு. நெழல்ல கொஞ்சம் ஊதாவா தெரியுது. எனக்குப் புடிச்சிருக்கும்மா. எங்க வீட்டுக்காரரு கூட நம்ம எஸ்டேட் லைன் வீட்டுக்கு இப்பிடி அடிக்கலாம்ங்குறாரு.”

இதைவிடப் பெரிய அடி இல்லை. ஆனால் எனக்கு வேண்டியது கிடைத்தது. வானம், மயில் கழுத்து, நிழலில் ஊதா.

ஏப்ரல் 6, இரவு

வந்தார்கள். கார் நின்ற பிறகு வெகுநேரம் கதவு திறக்கவில்லை. பிறகு ரூபன் மெதுவாக நடந்து வந்தான். கன்னத்தில் முத்தமிட்டான். பெட்டியைக் கூட இறக்கவில்லை.

“அம்மா. வெள்ளைன்னுதானே சொன்னீங்க?”

“சொன்னேன். மாத்திக்கிட்டேன்.”

“நீங்களா? மாத்திக்கிட்டீங்களா?”

“ஏன், எனக்கு உரிமை இல்லையா?”

“உரிமை இருக்கு. ஆனா நீங்க எதையுமே மாத்தினதில்லையே. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பா மீசைய எடுக்கணும்னு சொன்னீங்க, சாகறவரைக்கும் அவரு மீசை வைக்கல.” என் கண்ணைப் பார்த்தான். வேறெங்கும் பார்க்கவில்லை. “இது என்ன கலர்மா?”

“நீலம்.”

“என்ன நீலம்?”

“மழை விட்ட அப்புறம் வானத்தைப் பாத்திருக்கியா? பெங்களூர்ல எங்க பாத்திருப்பே. அதவிட அழுத்தம், மயில் கழுத்தவிட வெளுப்பு. இப்ப அந்தச் சுவர் நிழல்ல இருக்கு, ஊதாவாத் தெரியும். செம்பழுப்பு மரத்துக்கு எதிர்ல வெள்ளை நின்னா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். அதுக்கு ஒரு தைரியமான நிறம் வேணும்.”

‘தைரியமான நிறம்.’ இப்படிப் பேசுகிறவர்களை எழுபத்தெட்டு வயதுவரை நான் கேலி செய்திருக்கிறேன். வார்த்தைகள் வாயில் சோப்பு மாதிரி இருந்தன.

ரூபன் வாயைத் திறப்பதற்குள் ஷர்மிளா பின்னாலிருந்து ஓடி வந்தாள். பைகளைத் தரையில் போட்டுவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“அத்தை! செமையா இருக்கு! நான் எவ்ளோ பயந்தேன் தெரியுமா, நீங்க அந்தப் பழைய ஸ்டைல்ல வெள்ளை அடிச்சு டெக்க கொன்னுடுவீங்கன்னு. இந்த நீலத்துக்கு டெக் எப்படி எடுப்பா இருக்கு பாருங்க! ரூபன், பாரேன், கிரீஸ் மாதிரி இல்ல?”

“கிரீஸ் நாட்டுக்கு நீ எப்ப போனே?” என்று கேட்க நாக்கு துடித்தது. “உனக்குப் பிடிச்சா சரிம்மா” என்றேன்.

என்னைப் பற்றி ஷர்மிளா இவ்வளவு உயர்வாக இதுவரை நினைத்ததில்லை. அதற்கு நான் இவ்வளவு தாழ வேண்டியிருந்தது.

ஏப்ரல் 9

ஈஸ்டர். ஆராதனை முடிந்து எல்லாரும் வெளியே நின்றபோது ஷர்மிளா போதகரின் மனைவிக்குப் போனில் படங்களைக் காட்டி, “எங்க அத்தை ஐடியா, முழுசா அவங்களோடது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சுற்றியிருந்த பெண்கள் என்னைப் பார்த்தார்கள். மேரி சாமுவேல் என்கிறவள், ஆறு வருடம் முன்பு தன் வீட்டுக்குப் பச்சை அடித்து என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவள், என் அருகில் வந்து, மிகவும் அன்பாக, “நல்ல பளிச்சுன்னு இருக்கு அக்கா” என்றாள்.

நான் புன்னகை செய்தேன்.

மாலையில் கிளம்பும்போது ரூபன் தனியாக நின்றான். “நீங்க ஓகேவாம்மா? நிஜமா?” என்றான். “நிறத்தைக் கேக்குறியா, என்னைக் கேக்குறியா?” என்றேன். சிரித்தான். “ரெண்டும்தான். சரி, வாக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். கிறிஸ்மஸ் வரைக்கும் பேச மாட்டேன்.”

கார் போன பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரல் 17

ட்ரூடி ஊருக்கு வந்துவிட்டாள். கேட்டைத் திறந்ததுமே நின்று, தலை முதல் அடிவரை வீட்டைப் பார்த்து, உள்ளே வந்து உட்கார்ந்தாள். காப்பி குடித்து முடித்தாள்.

“எந்தக் கண்ணு மோசம்?” என்றாள்.

“என்ன உளர்றே?”

“சோபா உறையில பூப்போட்டதுக்கு என்னைக் கிழிச்சவ நீ. நீயா இதை அடிப்பே? ரூபனை ஏமாத்து. என்னை ஏமாத்தாதே, ஹில்டா.”

நான் காப்பி டம்ளர்களை எடுக்க எழுந்தேன்.

“எனக்கு இருபத்தஞ்சாம் தேதி கோயம்புத்தூர்ல செக்கப்பு. துணைக்கு ஆள் இல்ல. நீ வா” என்றாள்.

அவளுக்குத் தனியாகப் போகப் பயம். சரி என்று ஒத்துக்கொண்டேன். ரூபனிடம் பெண்கள் ஐக்கியக் கூட்டம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 25

ட்ரூடியின் கண் நன்றாக இருக்கிறதாம். நானும் அங்கே இருந்ததால் டாக்டர் என்னுடையதையும் பார்த்தார். சின்னப் பெண், என் பேத்தி வயது, “புரையை இவ்வளவு முத்தவிட்டு எப்படிப் பாட்டி நடமாடுறீங்க?” என்றாள். எனக்குப் பேத்தி கிடையாது, என்னைப் பாட்டி என்று யாரும் கூப்பிடுவதில்லை என்று சொன்னேன். அதற்குப் பிறகு ‘மேடம்’ என்றாள்.

மே 10

சின்ன விஷயம். வலது கண் மட்டும். சொட்டு மருந்து விட்டார்கள், பக்கத்து அறையில் யாரோ பாட்டுக் கேட்டார்கள், முடிந்துவிட்டது. ட்ரூடி வெளியே உட்கார்ந்து என் கைப்பையிலிருந்த பிஸ்கட்டையெல்லாம் தின்றிருக்கிறாள்.

மே 12

கட்டு நேற்றே பிரித்தாயிற்று. இன்று ஊர் திரும்பினோம். மலைப்பாதையில் தேயிலை என்னமோ சண்டைக்கு நிற்பதுபோல் பச்சையாக இருந்தது. ட்ரூடியின் முகத்தில் எவ்வளவு பவுடர் என்று இன்றுதான் தெரிந்தது. சொன்னேன். “வந்துட்டா மகாராணி” என்றாள்.

வளைவில் டாக்சி திரும்பியது. ட்ரூடி வேண்டுமென்றே என் பக்கம் திரும்பி என்னையே பார்த்தாள்.

பார்த்தேன்.

வானமும் இல்லை, மயிலும் இல்லை. யோகராணிக்கு நல்ல மனசு. குப்புராஜ் சொன்னதுதான் சரி. பஸ் ஸ்டாண்ட் கடையில் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருக்கும் குடங்களை உருக்கி என் வீட்டின் மேல் ஊற்றியது மாதிரி இருந்தது. பின்னால் நீட்டிக்கொண்டிருந்த மேடை அந்த நீலத்துக்குப் பக்கத்தில் மாம்பழ நிறமாக மின்னியது. ஏதோ சர்க்கஸ் கூடாரம் இரவில் வந்து இறங்கி, காலையில் கிளம்ப மறந்துவிட்டது போல. ட்ரூடி கைக்குட்டையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

“சிரிச்சு முடிச்சிட்டியா?” என்றேன்.

“இல்ல. வீட்டுக்குப் போய் இன்னும் சிரிக்கணும்” என்றாள்.

மே 15

குப்புராஜ் தானாகவே வந்தார். இந்தப் பக்கம் வேறு வேலையாம். கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டே, “அம்மா, மழைக்கு முன்னாடி வெள்ள அடிச்சுப்போடலாங்களா? என்ர மனசே சரியில்லீங்க” என்றார்.

சரி என்று சொல்ல வாயெடுத்தேன். ஒரே வாரம். வெள்ளை, உண்மையான வெள்ளை, ஒரு சொட்டு நீலம் போதும், இப்போது எனக்கே பார்த்துச் சொல்ல முடியும்.

ஆனால் ரூபனுக்கு என்னைத் தெரியும். நான் ஒரு முடிவை ஒரு தடவை மாற்றினேன் என்பதையே அவன் இன்னும் முழுதாக நம்பவில்லை. இரண்டாவது தடவை மாற்றினேன் என்று கேள்விப்பட்டால் அன்றே காரை எடுத்துவிடுவான்.

“எதுக்கு? நல்லாத்தானே இருக்கு. சுவரைத் தொடாதீங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், “சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டு, எனக்குப் பைத்தியம் என்ற முடிவோடு போனார்.

மே 19

ஷர்மிளா போன். அவர்கள் ஃப்ளாட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறார்களாம். “அத்தை, ஹாலுக்கு நீங்கதான் கலர் சொல்லணும். உங்க அளவுக்கு எனக்குத் தைரியம் இல்ல.”

அவள் ஒரு மணிநேரம் பேசினாள். நான் பதில் சொன்னேன். சேஜ் இலையைப் பற்றிக் கூட நல்ல வார்த்தை ஒன்று சொன்னேன்.

மே 21

ஞாயிறு. வீட்டுக்கு வருகிற வழியில், முன்வாசலில், தோட்டத்தில், ரோஜாப் பாத்திக்குப் பக்கத்தில், எங்கே நின்றாலும் அந்தச் சுவர் தெரிகிறது. சமையலறை ஜன்னல் வழியாகக் குனிந்தால் பக்கச்சுவரின் ஒரு துண்டு தெரிகிறது. வெயிலில் இன்னும் மோசம்.

இந்த மனையில் அது தெரியாத இடம் ஒன்றே ஒன்றுதான் என்று மதியம் கண்டுபிடித்தேன். யோகராணியைக் கூப்பிட்டு, சாப்பாட்டறைப் பிரம்பு நாற்காலியைக் கொண்டுபோய் மேடையின் விளிம்பில், பள்ளத்தாக்கைப் பார்த்தபடி போடச் சொன்னேன்.

“வீட்டுப் பக்கமா திருப்பிப் போடட்டுங்களாம்மா? கலரப் பாத்துட்டு உக்காரலாமே.”

“வேண்டாம். அப்படியே போடு.”

வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தேன். கீழே ஒவ்வொரு கூரையும் தனித்தனியாகத் தெரிந்தது. எல்லாமே அசிங்கமாகத்தான் இருந்தன.